எசென்ஷியல் ஆயில்: மூக்குக்குப் போதும் அளவு, உடம்புக்கு ஆகாத அளவு

ஒரு துண்டு தெர்மாகோல் மேல் ஆரஞ்சு எசென்ஷியல் ஆயிலை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் மெல்ல உள்வாங்கிப் பள்ளமாகும், ஓரமெல்லாம் பிசுபிசுவென்று கரைந்து நிற்கும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருக்கும் லிமோனின் என்ற பொருள் செய்யும் வேலை அது. இயந்திரங்களில் ஒட்டிய கிரீஸையும், காகிதத்தில் ஒட்டிய பசையையும் எடுக்க விற்கிறார்களே சில துப்புரவுத் திரவங்கள், அவற்றில் இருப்பதும் இதே லிமோனின்தான். அதே ஆரஞ்சு எண்ணெய்ப் பாட்டிலின் லேபிளில் 'தினமும் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடியுங்கள்' என்று எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

எனக்கு இந்த எண்ணெய்கள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. நல்ல லாவெண்டர் வாசனை ஒரு அறையின் மனநிலையையே மாற்றிவிடும். ஆனால் அந்த வாசனைக்கு வேண்டியது மிக மிகக் கொஞ்சம். வரும் சிக்கல்களில் பெரும்பகுதி அந்தக் கொஞ்சத்தைத் தாண்டி ஊற்றுவதிலும், பூசுவதிலும், விழுங்குவதிலும்தான் வருகிறது.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இலை, பூ, மரப்பட்டை, வேர் இவற்றின் வழியாக நீராவியைச் செலுத்தினால் எளிதில் ஆவியாகும் பொருட்கள் மட்டும் நீராவியோடு கிளம்பி வரும். அதைக் குளிரவைத்தால் தண்ணீர் தனியாக, எண்ணெய் தனியாகப் பிரியும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்குத் தோலைப் பிழிந்தே எடுக்கிறார்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3000 முதல் 5000 கிலோ வரை இதழ்கள் வேண்டும் என்றால் ஒரு சொட்டில் எவ்வளவு பூ அடங்கியிருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். செடியில் இருந்த நார், சர்க்கரை, துவர்ப்புப் பொருள், தண்ணீரில் கரையும் சத்து எதுவும் எண்ணெய்க்குள் வராது. ஆகவே 'இந்த மூலிகையைக் காலங்காலமாகச் சாப்பிடுகிறோமே, எண்ணெய் மட்டும் எப்படிக் கெடுதல் செய்யும்' என்ற கேள்வி கேட்க நியாயமாகத் தோன்றினாலும் நிற்காது. நாம் காலங்காலமாகச் சாப்பிட்டது இலையை. பாட்டிலில் இருப்பது அந்த இலையின் ஒரு சிறு பகுதி, பல நூறு மடங்கு செறிவாக.

சரி, பலன் உண்டா? உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. மூக்கிலிருந்து போகும் நரம்புகள் உணர்ச்சி, நினைவு சம்பந்தப்பட்ட மூளைப் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகவே போகின்றன, அதனால் வாசனை மனதைச் சட்டென்று தொடுவது உண்மைதான். முகப்பருவுக்கு டீ ட்ரீ எண்ணெய் (தேயிலை இல்லை, ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது) குறித்து ஆஸ்திரேலியாவில் 1990-இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது: 124 பேரில் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சாயில் பெராக்சைடை அதே 5 சதவீதத்திலும் ஒப்பிட்டார்கள், இரண்டுமே பருவைக் குறைத்தன, டீ ட்ரீ வேலை செய்ய நேரம் எடுத்தது, எரிச்சல் குறைவாக இருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது அந்த 5 சதவீதம். நேராகப் பாட்டிலிலிருந்து பருவின் மேல் வைப்பதைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் கேப்சூல் பதற்றத்துக்கு மருந்தாகவே விற்கப்படுகிறது. குடல் எரிச்சல் நோய்க்குப் பெப்பர்மிண்ட் எண்ணெய் கேப்சூலுக்கும் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது வயிற்றில் கரையாமல் குடலில் போய்த்தான் கரையும்படி உறை போட்டு, அளவு நிர்ணயித்துச் செய்த மாத்திரை. வீட்டுப் பாட்டிலிலிருந்து நாக்கில் சொட்டு விட்டுக்கொள்வதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவது ஏமாற்று வேலை. புற்றுநோயைக் குணமாக்கும், வைரஸைக் கொல்லும், உடம்பின் நச்சை வெளியேற்றும் என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே விலகிக்கொள்வது நல்லது.

தோலில் பூசுவதற்கு வருவோம், பெரும்பாலான கணக்குத் தப்பு நடப்பது இங்கேதான். எசென்ஷியல் ஆயிலை எப்போதும் ஒரு சாதாரண எண்ணெயில், அதாவது கேரியர் ஆயிலில், கலந்துதான் பூச வேண்டும். தேங்காய், எள், பாதாம், ஜொஜோபா எதுவானாலும் பரவாயில்லை. தோராயமாக 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். (எண்ணெயின் அடர்த்தியையும் பாட்டில் மூடியின் துளையையும் பொறுத்து இது மாறும், ஆனால் வீட்டுக் கணக்குக்கு இது போதும்.) 30 மில்லி கேரியர் ஆயிலில் 6 சொட்டு விட்டால் 1 சதவீதம், 12 சொட்டு விட்டால் 2 சதவீதம். முகத்துக்கு 1 சதவீதத்தைத் தாண்டத் தேவையில்லை, உடம்புக்கு 2 போதும். படிக்கும்போது 'இவ்வளவுதானா' என்று தோன்றும்; கலந்து முகர்ந்து பார்த்தால் வாசனை தாராளமாகவே இருக்கும்.

எல்லா எண்ணெய்க்கும் இந்த ஒரே கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால், அதற்கு அரை சதவீதமே அதிகபட்சம் என்று பாதுகாப்புக் கையேடுகள் சொல்கின்றன. லவங்கப்பட்டை எண்ணெய் இன்னும் மோசம், அதற்குச் சொல்லப்படும் வரம்பு 0.07 சதவீதம், அதாவது வீட்டில் சொட்டு எண்ணி அளக்கவே முடியாத அளவு. ஆகவே பட்டை எண்ணெயைத் தோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்பேன்.

குளிக்கும் தொட்டியில் நாலு சொட்டு விடும் வழக்கத்திலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதக்கும், நீங்கள் உட்கார்ந்ததும் துளியும் நீர்க்காத எண்ணெயாகவே தோலில், அதுவும் மென்மையான இடங்களில் போய் ஒட்டும். பெப்பர்மிண்ட்டோ எலுமிச்சைப்புல்லோ என்றால் துள்ளிக் குதித்து வெளியே வருவீர்கள். முதலில் வாசனையில்லாத ஷாம்பூவிலோ திரவச் சோப்பிலோ கலந்து அப்புறம் தண்ணீரில் விடுவது தேவலை. உப்பில் கலந்து விட்டால் உப்புதான் கரையும், எண்ணெய் திரும்ப மேலேயே வந்து நிற்கும்.

எரிச்சலாவது உடனே தெரிந்துவிடும், கழுவிவிடலாம். ஒவ்வாமை அப்படி இல்லை. பல மாதம், சில சமயம் பல வருடம் எந்தத் தொல்லையும் இல்லாமல் பூசிக்கொண்டிருப்பார்கள், ஒருநாள் திடீரென்று சிவந்து, தடித்து, அரிப்பெடுக்கும். உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருளை எதிரியாகப் பதிந்துவைத்துக்கொண்டதன் அடையாளம் அது, ஒருமுறை பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது. அப்புறம் அதே பொருள் இருக்கும் சோப்பு, ஷாம்பூ, சென்ட் எல்லாவற்றையும் லேபிள் படித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். நீர்க்காமல் தினமும் பூசுபவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். அழகுசாதனப் பொருட்களில் லினலூல், லிமோனின், சிட்ரால், ஜெரானியால், யூஜினால் போன்ற 26 வாசனைப் பொருட்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் லேபிளில் பெயர் போட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் ரொம்ப நாளாகவே விதி வைத்திருக்கிறது. 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டிவிட்டார்கள். அதில் பெரும்பாலானவை இயற்கையான எசென்ஷியல் ஆயில்களில் தாமாகவே இருப்பவை.

பழைய பாட்டில் விஷயம் பலருக்குத் தெரியாது. லிமோனினும் லினலூலும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு ஒவ்வாமை தருபவை அல்ல, காற்று பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடாக மாறிய பிறகுதான் வம்பு. அதனால் ஆரஞ்சு, எலுமிச்சை, டீ ட்ரீ, பைன் வகை எண்ணெய்களைத் திறந்த பிறகு ஓரிரு வருடத்துக்கு மேல் தோலில் பூசக் கூடாது. பாட்டில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டால் உள்ளே காற்றுக்கு இடம் கூடும், அப்போது இன்னும் வேகமாகக் கெடும். வாசனையில் வார்னிஷ் மாதிரி ஒரு காட்டம் ஏறியிருந்தால் அதை வீட்டைத் துடைக்கும் தண்ணீருக்குக்கூட யோசித்துத்தான் பயன்படுத்துவேன். சந்தனம், வெட்டிவேர், பச்சோலி போன்ற கனமான எண்ணெய்கள் மட்டும் விதிவிலக்கு, வயதாக ஆக வாசனை கூடும். எதுவானாலும் அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில், இறுக்கி மூடி, குளிர்ந்த இடத்தில். திறந்த தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள், நினைவில் நிற்காது.

புது எண்ணெய் என்றால் கேரியரில் கலந்த கலவையை முழங்கை உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒருநாள் முழுக்கப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

அப்புறம் வெயில். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் எண்ணெயில் பெர்கப்டென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தீக்காயம் மாதிரியே வெந்து, கொப்புளம் கட்டி, ஆறிய பின்னும் மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். போன நூற்றாண்டில் கழுத்தில் சென்ட் அடித்துக்கொண்டு வெயிலில் போனவர்களுக்குச் சென்ட் வழிந்த தடம் அப்படியே பழுப்புக் கோடாக விழுந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், காரணம் அதிலிருந்த பெர்கமாட். இஃப்ரா என்ற சர்வதேச வாசனைப்பொருள் சங்கம் தோலில் விட்டுவைக்கும் பொருட்களுக்கு இதன் வரம்பாக 0.4 சதவீதத்தைச் சொல்கிறது, 30 மில்லிக்கு 2 சொட்டு என்ற அளவு. பிழிந்தெடுத்த எலுமிச்சை (லெமன்) எண்ணெய்க்கும், அதன் இனத்தைச் சேர்ந்த லைம் எண்ணெய்க்கும் இதே குணம் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அதே லைமை நீராவியில் வடித்து எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அந்தக் கனமான மூலக்கூறுகள் ஆவியோடு ஏறி வராது. சாதாரண இனிப்பு ஆரஞ்சு எண்ணெயிலும் பயம் இல்லை. இரவில் மட்டும் பூசுவது, அல்லது பெர்கப்டென் நீக்கியது என்று போட்ட பெர்கமாட்டை வாங்குவது, இரண்டில் ஒன்று செய்யலாம். பகலில் பூசித்தான் ஆக வேண்டும் என்றால் 12 மணி நேரமாவது அந்த இடத்தில் வெயில் படக் கூடாது.

எண்ணெயைத் தண்ணீரோடு நுண்துளிகளாக அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவிதான் இருப்பதிலேயே பத்திரமான வழி, தோலும் இல்லை வயிறும் இல்லை. ஆனால் அதையும் கெடுத்துக்கொள்ள முடியும், எப்படியென்றால் மூக்கை நம்பி. அறையில் வாசனை பரவிக் கால் மணி நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும், வாசனை போய்விட்டது என்று நினைத்து இன்னும் நாலு சொட்டு விடுவார்கள், வெளியிலிருந்து வருபவருக்குத் தலையே சுற்றும். 100 மில்லி தண்ணீருக்கு 3 முதல் 5 சொட்டு, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரவு முழுக்கப் படுக்கை அறையில் ஓடவிட வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர் வீட்டில் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். வாசனையே இழுப்பைக் கிளப்பிவிடும் ஆட்கள் உண்டு, அது இயற்கை வாசனையா செயற்கையா என்று மூச்சுக்குழாய் பார்ப்பதில்லை. ஓசோனை வெளியிடும் காற்றுச் சுத்திகரிப்பான் இருக்கும் அறையில் எலுமிச்சை, பைன் வகைகளை ஓட்டாதீர்கள், லிமோனின் ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடும் நுண்துகளும் உண்டாகும். எரியும் மெழுகுவத்தியில் சொட்டு விடுவதும் வேண்டாம், லிமோனினிலிருந்து எழும் ஆவி நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸுக்கும் கீழே.

தண்ணீரில் கலந்து நாமே ஸ்ப்ரே செய்துகொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2021-இல் அமெரிக்காவில் நான்கு வெவ்வேறு மாநிலங்களில் 4 பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற அரிய பாக்டீரியா தொற்று வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் குழந்தை. யாருமே வெளிநாடு போனவர்கள் இல்லை. மாதக்கணக்கில் தேடிய பிறகு, லாவெண்டர் வாசனையும் ரத்தினக் கற்களும் போட்ட ஒரு அறை ஸ்ப்ரே பாட்டிலுக்குள் அந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். எசென்ஷியல் ஆயில் கிருமியைக் கொல்லும், எனவே அது இருக்கும் தண்ணீர் கெடாது என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பதில் வேண்டியதில்லை. அந்தச் சில சொட்டுகள் தண்ணீரைப் பாதுகாக்கப் போதாது. கெடாமல் வைக்கும் பொருள் சேர்க்காத ஸ்ப்ரேயை அன்றைக்குக் கலந்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் பேரம் பேச மாட்டேன். கற்பூரம், யூகலிப்டஸ், பெப்பர்மிண்ட் மூன்றையும் கைக்குழந்தையின் முகத்தருகே, மூக்கருகே கொண்டுபோகக் கூடாது. பெப்பர்மிண்ட்டில் இருக்கும் மெந்தால் போன்ற காட்டமான வாசனை பட்டதும் குரல்வளை இறுகி மூச்சே நின்றுபோன குழந்தைகள் உண்டு. சளிக்கு என்று மூக்கின் கீழே தடவுவது பெரியவர்களுக்கு இதமாக இருக்கலாம், இரண்டு வயதுக்குக் கீழே அது ஆபத்து. கற்பூரம் விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். சிறு குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவில் மேலே பூசும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான். யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் குழந்தை மயங்கிச் சரியக்கூடும். விண்டர்கிரீன் இன்னும் பயங்கரம்: அந்தச் செடியின் எண்ணெயில் கிட்டத்தட்ட முழுவதும் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த மீத்தைல் சாலிசிலேட், ஒரு டீஸ்பூன் என்பது 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். வாசனையோ மிட்டாய் மாதிரி. மூட்டுவலித் தைலங்களிலும் இதே பொருள்தான் இருக்கிறது, அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தால் இப்போதே மேலே தூக்கி வையுங்கள்.

பெரியவர்களிலும் சிலர் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் விண்டர்கிரீன் கலந்த தைலத்தைத் தாராளமாகத் தேய்த்தாலே மருந்தின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரக்கூடும். வலிப்பு நோய் இருப்பவர்களுக்குக் கற்பூரம், யூகலிப்டஸ், ரோஸ்மேரி ஆகாது. கர்ப்பிணிகள், அதுவும் முதல் மூன்று மாதத்தில், பூசுவதைத் தள்ளிப்போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம். இந்த எண்ணெய்களில் இருக்கும் பல பொருட்களை நம் கல்லீரல் ஒரு சர்க்கரை மூலக்கூறோடு கட்டி வெளியேற்றிவிடும். பூனைக்கு அந்த வேலையைச் செய்யும் நொதி மிகக் குறைவு. உண்ணி போகட்டும் என்று டீ ட்ரீ எண்ணெயைப் பூனை மேல் தடவி அது நடக்க முடியாமல், நடுங்கிக்கொண்டு மருத்துவரிடம் போவது புதிதல்ல. ரோமத்தில் படிந்த டிஃப்யூசர் துளிகளைக்கூட அது நக்கி விழுங்கிவிடும். கூண்டில் பறவை இருக்கும் அறையில் டிஃப்யூசரே வேண்டாம்.

வாங்கும்போது 'தெரப்யூட்டிக் கிரேடு' என்ற வார்த்தையைப் பார்த்து மயங்காதீர்கள். அப்படித் தரச் சான்று கொடுக்கும் அரசு அமைப்போ பொது அமைப்போ கிடையாது, விற்பவர்களே சூட்டிக்கொள்ளும் பட்டம் அது. பாட்டிலில் தாவரவியல் பெயர், எடுத்த முறை, தொகுதி எண் இருக்கிறதா, கேட்டால் அந்தத் தொகுதியில் என்னென்ன பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஆய்வக அறிக்கையை (GC-MS) தருகிறார்களா என்று பாருங்கள். ரோஜாவும் ஆரஞ்சும் சந்தனமும் ஒரே விலை என்றால் அவை எசென்ஷியல் ஆயிலே இல்லை, செயற்கை வாசனை எண்ணெய். வீட்டில் செய்ய ஒரு சின்னச் சோதனை: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒருநாள் விடுங்கள். லாவெண்டர், யூகலிப்டஸ் மாதிரி லேசான எண்ணெய் என்றால் ஆவியாகிப் போய்விடும், வடைக்கு அடியில் வைத்த காகிதம் மாதிரி ஒளி ஊடுருவும் கறை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறார்கள். கனமான எண்ணெய்களும் நிறமுள்ளவையும் கொஞ்சம் கறை விடும், அதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். செயற்கைப் பொருள் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியவும் தெரியாது.

எவ்வளவு பார்த்து வைத்தாலும் ஒருநாள் யாராவது, பெரும்பாலும் குழந்தை, கொஞ்சம் குடித்துவிடலாம். அப்போது வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கைவிரலை வாயில் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எல்லாமே தப்பு: இந்த எண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் ஒரு துளி நழுவினாலும் அங்கே ரசாயன நிமோனியா கிளம்பும், வயிற்றில் இருப்பதைவிட அது மோசம். வாயைத் துடைத்துவிட்டு, விஷமுறிவு உதவி எண்ணுக்கோ மருத்துவமனைக்கோ உடனே பேசுங்கள். இருமல், மூச்சுத்திணறல், அசாதாரணத் தூக்கம், வலிப்பு எது தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் சாதாரணத் தண்ணீரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எதுவானாலும் அந்தப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். 'ஏதோ வாசனை எண்ணெய்' என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது, லாவெண்டருக்கும் விண்டர்கிரீனுக்கும் செய்ய வேண்டிய சிகிச்சை வேறு வேறு.